கடுநெறிச் சமயக்குழுவும் இணையமும்

உண்பதிலும் மணப்பதிலும் விழாக் கொண்டாடுவதிலும் புறத்தாரொடு பழகுவதிலும் தன் உறுப்பினர்க்குப் பெருங்கட்டுப்பாடு விதித்து, அதனை மீறுவாரை விலக்கியும் வைக்கும் சமயக்குழுவினை ஈண்டுக் கடுநெறிக் குழு என வழங்குவோம். இத்தகைய குழுவொன்று இணையத்தின் வாயிலாகத் தன்னைப் பெருக்கிக்கொள்ள வல்லதா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகுந்த வினா. வல்லது என்பார், உலகின் எந்த மூலையிலுள்ளார்க்கும் நொடிப்பொழுதில் சொல்லைக் கொண்டுசேர்க்கும் கருவி வேறு இல்லை என்பர். அன்று என்பார், கட்டுக்காவலால் வாழும் குழு திறந்த வெளியில் கலந்தால் கரைந்துபோகும் என்பர். இரு சாராரும் பெரும்பாலும் உய்த்துணர்வாலேயே பேசுகின்றனர். கணக்குக் கிடைக்குமிடத்தில் உய்த்துணர்வை நம்புதல் வரலாற்று மாணாக்கர்க்கு அழகன்று. ஆண்டுதோறும் தன் உழைப்பையும் விளைவையும் எண்ணால் எழுதி வெளியிட்டு வந்த கடுநெறிக் குழு ஒன்று உண்டு. யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் அக்குழுவின் வரலாற்றையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றோம். அவர்தம் கோட்பாடு மெய்யா பொய்யா என்பது இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது.

கட்டுப்பாடு மிக்க குழு நலிவதன்றோ இயல்பு, அது வளர்வது எங்ஙனம் என்னும் ஐயத்தை அமெரிக்க அறிஞர் இருவர் முன்னரே ஆராய்ந்துள்ளனர். டீன் கெல்லி 1972இல் வெளியிட்ட நூலில், நெகிழ்ந்த திருச்சபைகள் தேய, இறுகிய சபைகள் வளர்வதை எடுத்துக்காட்டினார். 1994இல் இலாரன்சு யானக்கோனி அதற்குப் பொருளியல் நோக்கில் விளக்கம் தந்தார். ஒரு குழுவின் பாட்டும் தோழமையும் உதவியும் அங்கு வருவோர் அனைவரும் தரும் உழைப்பால் விளைவன. உழைப்புத் தராமல் பயனை மட்டும் நுகர்வோர் மிகுந்தால் அப்பயனே குன்றிவிடும். கட்டுப்பாடு என்பது வாயிலில் வாங்கும் சுங்கம் போன்றது. அரைமனத்தார் அதனைக் கண்டு திரும்பிவிடுவர். உள்ளே புகுந்தோர் முழுமனத்தினர் ஆவர். இஃது அவர் கருத்தின் சாரம். 1997இல் அவரும் இராட்னி இசுடார்க்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை, யெகோவாவின் சாட்சிகள் விரைந்து வளர்வதன் காரணத்தையே பொருளாகக் கொண்டது.

இக்கருத்தை ஏற்றுக்கொண்டால் இணையத்தைப் பற்றிய வினா கூர்மை பெறுகின்றது. இணையத்தின் இயல்பே விலையைக் குறைப்பது. கேட்போன் எழுந்து வரவேண்டா, பெயர் சொல்லவேண்டா, விரும்பாத கணத்தில் விலகலாம். சுங்கத்தால் வலிமை பெற்ற குழு, சுங்கமில்லாத வழியொன்றைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்?

இக்குழுவின் தொடக்கம் அச்சிலேயே அமைந்தது. 1879 சூலையில் சார்லசு தேசு இரசல் பென்சில்வேனியாவில் தொடங்கிய இதழ் முதலில் 6,000 படிகள் அச்சாயிற்று. தமிழில் 'காவற்கோபுரம்' என வழங்குவது அவ்விதழே. 1914இல் ஒளிப்படங்களையும் அசையும் படங்களையும் இசைத்தட்டுகளோடு இணைத்து, 'படைப்பின் ஒளிப்பட நாடகம்' என்னும் பெயரால் ஊரூராகக் காட்டினர். பேசும் படம் பிறவாத காலத்து முயற்சி அது. 1924இல் நியூயார்க்கில் தமக்கென வானொலி நிலையம் ஒன்றை அமைத்தனர். 1931இல் இன்றைய பெயரைச் சூட்டிய இரதர்போர்டின் பேச்சு, 1930களில் நானூறு நிலையங்கள் வரை அஞ்சல் செய்யப்பட்டது. புதிய கருவி எது தோன்றினும் இவர்கள் தயங்கியதில்லை. ஆகவே இணையத்தை இவர்கள் கைக்கொண்டதில் வியப்பில்லை. கைக்கொள்ளுமுன் ஐயுற்றதே வியப்பு.

வானொலிக் காலத்து எண்களை நோக்குக. 1928இல் ஊழியத்தில் ஈடுபட்டோர் ஏறத்தாழ 44,000 பேர். 1938இல் 59,000 பேர். வானொலி ஓங்கி நின்ற பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கே வளர்ச்சி. 1937இல் வணிக வானொலியைக் கைவிட்டு, கையில் தூக்கிச் செல்லும் இசைத்தட்டுப் பெட்டியோடு வீட்டு வாயிலை நாடினர். 1942இல் தொகை 1,15,000 ஆயிற்று. அவ்வாண்டில் தலைமையேற்ற நாதன் நார், இயந்திரம் பேசியது போதும், ஆள் பேசட்டும் என்னும் போக்கினர். 1943இல் ஊழியப் பயிற்சிப் பள்ளியைச் சபைதோறும் நிறுவி, ஒவ்வோர் உறுப்பினரும் தம் வாயாலேயே பேசப் பழக்கினார். அயல்நாட்டுப் பணிக்கெனக் கிலியத் பள்ளியும் அவ்வாண்டிலேயே தோன்றியது. இசைத்தட்டுப் பெட்டி சில ஆண்டுகளில் மறைந்தது. 1952இல் தொகை 4,56,000. போர்க்காலமும் போருக்குப் பிந்திய குழப்பமும் இவ்வளர்ச்சிக்குத் துணைசெய்தன என்பதை மறுக்கவில்லை. ஆயினும் கருவி வாயிலருகே நின்றபோதும், அதனை ஏந்திய மனிதன் முன்னே நின்றபோதும் விளைவு வேறுபட்டது கருதத்தக்கது.

இணையக் காலத்திற்கு வருவோம். 1990களின் பிற்பகுதியில் இக்குழுவின் இதழ்கள் இணையத்தின் தீமைகளைக் குறித்து உறுப்பினரைப் பன்முறை எச்சரித்தன. அதே காலத்தில் அதிகாரமுறையிலான தளம் ஒன்றும் எளிய அளவில் தொடங்கப்பட்டது. உறுப்பினர் தாமே தளம் அமைத்துப் பரப்புரை செய்தல் வரவேற்கப்படவில்லை. 2012இல் அத்தளம் புதுக்கப்பட்டது. 2014இல் மாதந்தோறும் ஒளிபரப்பும் எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகளில் அத்தளத்தில் வெளியீடுகள் கிடைக்கின்றன. இவ்வளவு மொழிகளை ஆளும் தளங்கள் உலகில் மிகச் சிலவே. அச்சோ சுருங்கியது. பொதுமக்களுக்குரிய 'காவற்கோபுரம்', 'விழித்தெழு!' ஆகிய இதழ்கள் 2018 முதல் ஆண்டுக்கு மும்முறையும், 2022 முதல் ஒருமுறையுமே வெளிவந்தன.

தமிழ் கற்போர்க்கு ஈண்டு ஒரு செய்தி சொல்லலாம். கிறித்தவ மொழிபெயர்ப்புத் தமிழ் என்றதும் நம் நினைவிற்கு வருவது வடசொல் விரவிய பழைய விவிலிய நடை. இக்குழுவின் அண்மைக்காலத் தமிழ் வெளியீடுகளோ எளிய பேச்சுநடையை நெருங்கி நிற்கின்றன. மொழிநடை ஆராய்ச்சியாளர் இதனைத் தனியே நோக்குதல் வேண்டும். நம் பொருளுக்கு வேண்டுவது இவ்வளவே: சொல்லின் வாயில் அகலத் திறக்கப்பட்டது, குழுவின் வாயிற்படியோ உயரம் குறையவில்லை. பிறந்தநாள் கொண்டாடாமை, குருதி ஏற்றிக்கொள்ளாமை, வாக்களியாமை, படையில் சேராமை, விலக்கப்பட்டாரோடு உறவாடாமை ஆகியவை தளத்தின் வாயிலாக வந்தோர்க்கும் அப்படியே உரியன.

விளைவு என்ன? 1975இல் ஏறத்தாழ 22 இலட்சமாக இருந்த ஊழியர் தொகை 1995இல் 52 இலட்சமாயிற்று. இருபதாண்டில் இருமடங்குக்கு மேல். அடுத்த இருபதாண்டில், அஃதாவது தளம் தோன்றி வளர்ந்து முற்றிய காலத்தில், 52 இலட்சம் 82 இலட்சமாயிற்று. ஒன்றரை மடங்கே சற்று மிகுதி. முற்காலத்தில் கிழக்கு ஐரோப்பியக் கதவுகள் திறந்தன. இலத்தீன் அமெரிக்காவில் பரப்புரை ஓங்கியது. பிற்காலத்தில் மேனாடுகளில் சமயப் பற்றே தளர்ந்தது. எனவே வேகக் குறைவுக்கு இணையமே காரணம் எனல் பொருந்தாது. இணையம் அக்குறைவைத் தடுக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

இவ்வாறு பல காரணங்கள் பின்னிக் கிடக்குமிடத்தில் ஒன்றைத் தனியே பிரித்து எடைபோடுதல் அரிது. ஆனால் 2020இல் எவரும் திட்டமிடாத சோதனையொன்று நேர்ந்தது. கொரோனா நோய் பரவிய அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் உலகெங்கும் வீடுவீடாகச் செல்லும் ஊழியத்தை இக்குழு நிறுத்தியது. கூட்டங்கள் அனைத்தும் சூம் வழியே நடந்தன. 2022 ஏப்பிரலில் மன்றங்கள் மீண்டும் திறந்தன. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளில் வீடுவீடாகச் செல்லும் ஊழியம் மீண்டது. வாயிலைத் தட்டுதலையே தன் அடையாளமாகக் கொண்ட குழு, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக் காலம் வாயிலைத் தட்டாது, கம்பிவழியாலும் அலைவழியாலுமே வாழ்ந்தது.

இவர்தம் ஊழிய ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஆகட்டில் முடிவது. 2019ஆம் ஊழிய ஆண்டில் முழுக்குப் பெற்றோர் 3,03,866 பேர். 2020இல் 2,41,994, 2021இல் 1,71,393, 2022இல் 1,45,552. மூன்றாண்டில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. நேரில் செல்லுதல் மீண்ட 2023ஆம் ஆண்டில் 2,69,517 ஆகவும், 2024இல் 2,96,267 ஆகவும் ஏறிற்று.

உழைப்புக் குறைந்தமையால் விளைவும் குறைந்தது எனலாமோ? உழைப்புக்கும் கணக்கு உண்டு. 2019இல் உறுப்பினர் ஊழியத்தில் செலவிட்டதாக அறிவித்த நேரம் ஏறத்தாழ 208 கோடியே 86 இலட்சம் மணி. 2021இல் அது 142 கோடியாகக் குறைந்தது. ஆனால் 2022இல் 150 கோடியாக உயர்ந்தபோதும் முழுக்கு மேலும் குறைந்தது. வகுத்துப் பார்த்தால், ஒரு முழுக்கிற்கு 2019இல் 6,870 மணியும், 2021இல் 8,300 மணியும், 2022இல் 10,300 மணியும் செலவாயின என அறிகின்றோம். 2023இல், 179 கோடி மணி உழைப்பில், அவ்விகிதம் 6,650 மணிக்கு மீண்டது. கடிதமும் தொலைபேசியும் காணொலியுமாகச் செய்த ஒரு மணி நேர ஊழியம், வாயிலில் நின்று செய்த ஒரு மணிக்கு ஈடாகவில்லை. மின்வழிக் காலத்தில் இவ்வுறுப்பினர் பலரும் பழைய முறைப்படி கையால் கடிதம் எழுதி அஞ்சலிட்டனர் என்பதும் மறக்கற்பாலதன்று. புதுக் கருவி கையிலிருந்தும், முன்பின் அறியாதார் வீட்டுக்குள் புக அஃது உதவவில்லை போலும்.

இதற்கு மூவகைத் தடை எழுப்பலாம். முழுக்கு வழக்கமாகப் பெருமாநாடுகளிலேயே நிகழ்வது; மாநாடுகள் இல்லாமையால் பலர் காத்திருந்தனர்; ஆகவே குறைவு வெறும் தாமதமே என்பது முதலாவது. தாமதமாயின் பின்னர் வெள்ளம்போல் வந்திருத்தல் வேண்டும். 2020 முதல் 2023 வரையுள்ள நான்காண்டின் மொத்தம் 8,28,456. 2019ஆம் ஆண்டின் அளவே நான்காண்டும் நிலைத்திருப்பின் 12 இலட்சத்து 15 ஆயிரமாகும். ஏறத்தாழ 3 இலட்சத்து 87 ஆயிரம் பேர் குறைகின்றனர். 2024ஆம் ஆண்டும் 2019ஐ எட்டவில்லை. மேலும், முழுக்கிற்கு முற்பட்ட படியாகிய வேதப்படிப்பின் எண்ணிக்கையும் 2019இல் 96 இலட்சமாக இருந்தது 2022இல் 57 இலட்சமாக வீழ்ந்தது. படிப்பிற்கு மாநாடு வேண்டுவதில்லை. ஆதலின் தாமதம் ஒரு பகுதிக்கே காரணம் ஆகும்.

நோயச்சத்தால் மக்கள் சமயச் செய்தியையே கேட்கவில்லை என்பது இரண்டாவது தடை. இதனை ஆண்டுக்கொருமுறை நிகழும் நினைவுநாள் கூட்டத்தின் கணக்கு மறுக்கின்றது. உறுப்பினரல்லாதாரும் பெருந்திரளாக வரும் கூட்டம் அது. 2019இல் 2 கோடியே 9 இலட்சம் பேர் வந்தனர். முழுவதும் சூம் வழியே நடந்த 2021இல் 2 கோடியே 13 இலட்சம் பேர் கலந்துகொண்டனர். ஒரு திரைக்குப் பின் எத்தனை பேர் இருந்தனர் என எண்ணுவதில் வழுவிருக்கலாம். எனினும் கேட்போர் குறையவில்லை என்பது உறுதி. கேட்போர் பெருகிய அவ்வாண்டிலேயே புகுவோர் பாதியளவாயினர். எம் ஆராய்ச்சியின் உயிர்நிலை இவ்விரு எண்களின் முரணிலேயே உள்ளது.

முழுக்குப் பெறுவோரில் பலர் உறுப்பினரின் பிள்ளைகளே என்பது மூன்றாவது. அது மெய். மெய்யாயின் எம் கருத்து வலுப்பெறுமேயன்றித் தளராது. வீட்டிலேயே இருந்த பிள்ளைகளின் பங்கு அக்காலத்திலும் பெரிதும் குறைந்திராது. குறைவின் பெரும்பகுதி புறத்தாரிடத்தே நேர்ந்ததாதல் வேண்டும்.

இங்ஙனம் கூறுதலால் இணையம் பயனற்றது என்பது எம் துணிபன்று. அக்காலம் முழுவதும் ஊழியர் தொகை ஏறத்தாழ 87 இலட்சத்திலேயே நின்றது; சரியவில்லை. முதியோரும் நோயாளரும் படுக்கையிலிருந்தே கூட்டத்தில் கலந்தனர். உருசிய உச்ச நீதிமன்றம் 2017 ஏப்பிரலில் இக்குழுவைத் தடைசெய்தது; மன்றம் பூட்டப்பட்ட அத்தகைய நாடுகளில் மறைவான மின்வழித் தொடர்பு எத்துணை இன்றியமையாதது என்பது விளக்கவேண்டா. முன்னரே உறவு பூண்டாரை உறவிலேயே நிறுத்த இணையம் வல்லது. உறவே இல்லாதாரை உறவினராக்க அது தனித்து வல்லதன்று. கடுநெறிக் குழுவில் சேர்பவன் ஒரு கருத்தை மட்டும் ஏற்பதில்லை. பழைய சுற்றத்தை இழந்து புதிய சுற்றத்தைப் பெறுகின்றான். அவ்விழப்பை ஈடுசெய்யும் மனிதர் கண்முன் நில்லாதவிடத்து, எத்துணை நல்ல காணொலி கண்டும் அவன் அடியெடுத்து வையான்.

மேலும் இணையம் ஒருவழிப் பாதையன்று. இக்குழுவின் ஆளும் குழுவில் ஒருவராயிருந்து பின் விலக்கப்பட்ட இரேமண்டு பிரான்சு 1983இல் தம் பட்டறிவை நூலாக எழுதினார். அந்நூலை உறுப்பினர் ஒருவர் படிக்க விரும்பின் தேடி வாங்கி மறைத்துவைத்தல் வேண்டும். 2015இல் ஆத்திரேலிய அரச ஆணையம், சிறார்மீது நிகழ்ந்த குற்றங்களை நிறுவனங்கள் எங்ஙனம் கையாண்டன என விசாரித்தபோது, இக்குழுவின் கோப்புகளில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 1,006 பேர் இருந்தமையும், குழு எவரையும் காவல்துறைக்கு அறிவியாமையும் வெளிப்பட்டன. அவ்விசாரணை இணையத்திலேயே ஒளிபரப்பாயிற்று. ஆளும் குழு உறுப்பினர் ஒருவர் சான்றுரைத்ததை உலகெங்குமுள்ள உறுப்பினர் தம் கைபேசியிலேயே காண முடிந்தது. தளத்தைப் பார்க்கச் சொல்லிக் கைபேசியைத் தந்த குழு, அதே கைபேசியில் பிறர் சொல்வதைக் கேளாதே என்றும் சொல்ல வேண்டியதாயிற்று.

வேறொரு சமயத்தின் சான்று கொண்டும் இதனைச் சோதிக்கலாம். யூதருள் ஹசிதியர் கடுநெறியினர். அவருள் ஒரு பிரிவாகிய கபாது–லுபாவிச்சு, நியூயார்க்கின் புரூக்லினைத் தலைமையிடமாகக் கொண்டது. இதன் ஏழாம் தலைவர் மெனக்கெம் மெண்டல் சினியர்சன் 1951இல் பொறுப்பேற்று 1994இல் மறைந்தார். படைக்கப்பட்ட பொருள் யாவும் இறைப்பணிக்கே என்னும் கொள்கையால் வானொலி முதலியவற்றை வரவேற்றவர். இப்பிரிவைச் சார்ந்த யோசேப் இட்சாக் கசன், இணையம் பொதுமக்களை எட்டாத 1988ஆம் ஆண்டளவிலேயே, தொலைபேசிவழி இணைந்த கணிப்பொறிகளில் சமய வினாக்களுக்கு விடை எழுதத் தொடங்கினார். பிற ஹசிதியரும் அவரொத்த கடுநெறியாளரும் நெடுநாள் தயங்கினர். 2012 மே 20ஆம் நாள் நியூயார்க்கின் விளையாட்டரங்கு ஒன்றில் ஆடவர் நாற்பதினாயிரவர் கூடி இணையத்தின் கேட்டைப் பற்றிய உரைகளைக் கேட்டனர். (அவ்வுரைகளை வேறிடங்களில் கூடியிருந்த மகளிர்க்கு நேரலையாகக் காட்ட நேர்ந்தது தனிக்கதை.)

தயங்காத கபாது பெற்றது யாது? 2020இல் பியூ ஆய்வு நிலையம் எடுத்த கணக்கின்படி, அமெரிக்க யூதருள் வயதுவந்தோரில் 38 விழுக்காட்டினர் கபாது நிகழ்ச்சிகளில் ஓரளவேனும் கலந்துகொண்டவர்கள். பங்குகொள்வோருள் நான்கில் மூவர் வைதிக யூதர் அல்லர். பங்குகொண்ட பின்னரும் அவர் அங்ஙனமே இருக்கின்றனர். செல்வாக்கு வேறு, பெருக்கம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. மற்றும், அந்நிகழ்ச்சிகளுக்கு மக்களை ஈர்ப்பதும் தளம் மட்டுமன்று. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் மணமான இணையராகச் சென்று, வாழ்நாள் முழுதும் அவ்வூரிலேயே தங்கி, ஓய்வுநாள் விருந்துக்கு அறிமுகமில்லாதாரை அழைக்கும் தூதர் குடும்பங்கள் பல்லாயிரம் உள்ளன. தளத்தில் வினவுவான் ஒருவனை அவன் ஊரிலுள்ள அத்தகைய வீட்டு மேசைக்கு அனுப்ப முடிகின்றது. தளம் வழிகாட்டும் பலகை, மேசையே வீடு.

மறுதலையாக, வட அமெரிக்க ஆமிசு மக்கள் இணையத்தைப் பெரும்பாலும் தள்ளியவர். பரப்புரையும் செய்யார். 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,78,000 ஆக இருந்த அவர் தொகை 2024இல் 4 இலட்சத்தை எட்டிற்று. பிள்ளைப்பேறும், பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பத்தைவர்க்கு மேல் குழுவிலேயே நிலைப்பதுமே காரணம். மணத்துறவு பூண்ட சேக்கர் குழுவிற்கு இவ்வழி இல்லை. தளம் வைத்தும் 2017இல் எஞ்சியோர் இருவரே.

யெகோவாவின் சாட்சிகளிடத்து அண்மையில் வேறொரு மாற்றமும் காணப்படுகின்றது. 2023 திசம்பரில் ஆடவர் தாடி வளர்த்தற்குத் தடையில்லை என அறிவிக்கப்பட்டது. 2024இல் கழுத்துப்பட்டை கட்டாயமன்று என்றாயிற்று. விலக்கப்பட்டாரிடம் காட்டும் கடுமையும் சிறிது தளர்த்தப்பட்டது. இவை சிறியன போலத் தோன்றினும், கெல்லியும் யானக்கோனியும் கூறிய சுங்கத்தின் கூறுகளே என்க. இத்தளர்வு வளர்ச்சியைக் கூட்டுமா குறைக்குமா என்பதை இதே முறையில் கணக்கிட்டு அறிய விரும்புவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. 2023 நவம்பர் முதல் பொது உறுப்பினர் தம் ஊழிய நேரத்தை அறிவிக்க வேண்டுவதில்லை என்று விதி மாறியது. முழுநேர ஊழியராகிய பயனியர் மட்டுமே இப்போது மணிக்கணக்குத் தருகின்றனர். நூறாண்டளவு தொடர்ந்து வந்த அளவுகோல் அவ்வாண்டோடு முறிந்தது. 2024ஆம் ஆண்டு அறிக்கையில் முழுக்கின் எண் உண்டு, அதற்குச் செலவான மணியின் எண் இல்லை.